வெற்று எடை

ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
செம்பனைக் குலைகளோடு லோரி ஏறும்: ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும்: இன்னோர் எண்.
முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால்
பழம்.
ஒன்பது வருடமாக இந்த ஒரே கணக்கு.
பழத்தின் எடையைத்தான் எல்லாரும் கேட்பார்கள்,
வெற்று லோரியின் எடையை நான் மட்டும் எழுதிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவளிடம்
குமுதினியின் நிச்சயதார்த்தக் காணொளி வந்து சேர்ந்தது.
கைப்பேசியில் பிடித்தது நான்.
போட்டோ கடைக்காரர் எண்ணூறு வெள்ளி கேட்டார்.
அதோடு, "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே."

நாற்பத்து மூன்று நிமிடம் இருக்கிறது.
ஏழு நிமிடமாக வேண்டுமாம், சனிக்கிழமைக்குள்.

உத்தான் மெலிந்தாங்கில் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான்
இணையம் கொஞ்சம் இளகும்.
மாமாக் கடையில் நாற்காலி அடுக்கும் சத்தம் அடங்கியபின்
முதல் மென்பொருளை இறக்கினேன்.
இலவசம் என்றது. நம்பினேன்.
எல்லாம் வெட்டி, ஒட்டி, சேமித்துத் திறந்தால்
குமுதினி மோதிரம் போடும் விரலின்மேல்
கம்பெனி பெயர், சாய்வாக,
புதுச்சேலையில் பிய்க்க மறந்த விலைச்சீட்டு மாதிரி.
அதை எடுக்க மாதம் அறுபது வெள்ளி.

இரண்டாவதைத் தயாளராவ் பென்டிரைவில் தந்தான்,
படக் கம்பெனிகளே இதைத்தான் வைத்திருக்கின்றன என்று.
திறந்தது. அதாவது, திறக்கத் தொடங்கியது.
நான் குளித்து, மைலோ கலக்கிக் குடித்து,
நாளைக்குப் போடும் சட்டையைத் தேய்த்துவிட்டு வந்தேன்.
திரை முழுக்கப் பொத்தான்கள்.
நிறத்துக்கு மட்டும் நான்கு சக்கரம்;
எதைத் தொட்டேனோ,
மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் பச்சை.
மடிக்கணினி தேங்காய் துருவுவதுபோல் முனகி
நீலமாகி நின்றது.

மூன்றாவது, கைப்பேசியிலேயே.
என் கட்டைவிரல் அதில் ஒரு முழு நிமிட அகலம்.
ஏப்பம் விடுகிற பெரியப்பாவை வெட்டப் போய்
மாலையையும் வெட்டினேன்.

எதற்கு வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணு,
அப்புறம் தேடு என்றாள் அலுவலகத்தில் அஸ்லினா.
அவள் விற்கும் கேக்குகளுக்கு அவளே படம் பண்ணுகிறவள்.

எதற்கா?
சொல்ல வெட்கம்.
நாற்பத்து மூன்று நிமிடத்தில் ஓரிடத்திலும் நான் இல்லை.
எல்லா இடத்திலும் என் குரல்.
"கொஞ்சம் தள்ளுங்க."
"சித்தப்பா, இந்தப் பக்கம் வாங்க."
"குமு, பல்லு தெரியச் சிரி, கடன்காரன் வரல."
மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது.
பதினெட்டாவது நிமிடத்தில் யாரோ ஒருத்தி
"உனக்கு எப்ப?" என்கிறாள்.
காமிரா ஒரு விநாடி தரையைப் பார்க்கிறது.
சிந்திய சந்தனம், ஒரு கொலுசுத் திருகு.
பிறகு நிமிர்கிறது.

அதற்கு வேண்டும் எனக்கு, மென்பொருள்.

நான்காவது சின்னது.
பழைய கணினியிலும் ஓடும், தன் பெயரைப் போடாது,
சக்கரம் ஒன்றும் கிடையாது.
ஒரு கத்தி,
ஓர் ஒலிபெருக்கிப் படம்,
பின்னோக்கி வளைந்த ஓர் அம்பு.

ஒலிபெருக்கியை அழுத்தினேன், மொத்தத்துக்கும்.
சித்தப்பா காரணமில்லாமல் இடப்பக்கம் நகர்கிறார்.
கூட்டம் எதற்கோ வழிவிடுகிறது.
குமுதினி ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்பது
படத்தில் எங்கேயும் இல்லை.

அம்பை அழுத்தினேன்.
மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன்.

கேள்வியை மட்டும் வெட்டினேன்.
தரையை விட்டுவைத்தேன், ஒரு விநாடிதானே,
கை நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏழு கேட்டார்கள்; ஒன்பதே கால் வந்திருக்கிறது.
தொண்ணூற்றாறு விழுக்காட்டில் வெகுநேரமாக நிற்கிறது.
ஆறரைக்கு முதல் லோரி.
மடிக்கணினியை மூடாமல்
மின்விசிறிக்கு நேராக நாற்காலியில் வைத்து,
யாரும் தொடாதீர்கள் என்று
பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதிச் சொருகிவிட்டு
மோட்டார் சைக்கிளை உதைக்கிறேன்.